விழாவுக்கு மின்சாரம் எடுத்த இடம்

"மீன் வாடை இல்லாத ஐஸா பாத்து வாங்கிட்டு வாங்க" என்று மனைவி சித்திக்கா சொன்னாள். அதனால் சஃபியுல்லா மண்டபத்தூரில் ஐஸ் உடைக்கிற இடத்துக்குப் போய், மீன்கூடைகளுக்கு நடுவே நின்று, ஒவ்வொரு கட்டியாக மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தான்.

"ஐஸை மோந்து பாத்து வாங்குற ஆளை இப்பதான் பாக்குறேன் பாய்" என்றார் உடைத்துக் கொடுத்தவர். "சர்பத்துக்கா?"

"இல்ல, ரத்தத்துக்கு."

அவர் சில்லறையைக்கூடக் கையில் தராமல் மேசை மேல் வைத்தார்.

வீட்டு வாசலில் சித்திக்கா அந்த ஐஸை நீலப் பெட்டிக்குள் அடுக்கி, பெட்டியை ஸ்கூட்டரின் பின்னால் வைத்துக் கயிறு போட்டு இறுக்கினாள். "மத்தியானம் சோத்துக்கு வந்துடுவேன். எறால்ல புளியைக் கம்மியாப் போடச் சொல்லுங்க உம்மாகிட்ட" என்றாள். புளி கம்மியாகத்தான் போட்டார்கள்.

பூவத்து மதுக்கடைகளில் தாகத்தைத் தீர்த்துக்கொண்டு மாநில எல்லை தாண்டி ஊர் திரும்ப வேண்டிய ஒரு கார், எல்லை எந்தப் பக்கம் என்று பிடிபடாமல் தெற்கே வரிச்சிக்குடிக்கு வந்துவிட்டது. வளைவில் ரத்தக் குப்பிகளோடு ஸ்கூட்டர் திரும்பி வந்துகொண்டிருந்தது. தூக்கி எறியப்பட்ட நீலப் பெட்டி வயலுக்குள் சேற்றில் விழுந்தது. போலீஸ்காரர் அதைத் திறந்து பார்த்து, உள்ளே இருந்த சின்னக் குப்பிகளில் ஒன்றுகூட உடையவில்லை என்று எழுதிக்கொண்டு சஃபியுல்லாவிடம் கொடுத்தார். அன்றைக்கு உடைந்தது சித்திக்கா மட்டும்தான்.

அவள் வேலை பார்த்த இடம் காரைக்கால் கடலோர நோயியல் ஆராய்ச்சி நிலையம். மழை பிடித்து நடவு தொடங்கியதும் வயல்வெளிக் கிராமங்களில் ஒரு காய்ச்சல் வரும். ஐந்தாறு பேரைப் படுக்கவைக்கும், வருஷத்துக்கு ஒருவரையோ இருவரையோ கொண்டுபோகும். பத்திரிகைக்காரர்கள் அதற்கு மர்மக் காய்ச்சல் என்று பெயர் வைத்ததும், அதில் மர்மம் இருப்பதே போதுமென்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். சித்திக்கா விடவில்லை. அது எலிக்காய்ச்சலா வேறொன்றா, எந்த வயலில் எது, என்று தெரிந்தால் முதல் இரண்டு நாளிலேயே சரியான மருந்தைக் கொடுத்து ஆளைக் காப்பாற்றிவிடலாம் என்பது அவள் கணக்கு. ஒவ்வொரு மழைக்கும் வரிச்சிக்குடிப் பக்கம் போய் நடவுப் பெண்களின் ரத்தத்தை எடுத்துவந்து, நிலையத்தின் டீப் பிரீசரில் சேர்த்துவைத்தாள். எல்லாவற்றையும் ஒரே தடவையாகச் சென்னைக்குக் கொண்டுபோய்ச் சோதிக்க வேண்டும். அதற்குக் குளிர்வண்டி வேண்டும். குளிர்வண்டிக்கு அனுமதி வேண்டும். அனுமதி பரிசீலனையில் இருந்தது.

நிலையத்தில் அவள் ஒருத்திதான் பெண் விஞ்ஞானி. அவளுக்கென்று அறை கிடையாது. பிரீசர் இருந்த நடைவழியில் ஒரு மேசை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாராவது கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் எழுந்து நாற்காலியை நகர்த்தி வழிவிட வேண்டும். வேலையும் தற்காலிகம். வருஷம் நிறைவதற்குள் ஒரு நாள் வேலையைவிட்டு நிறுத்தி, மறுநாள் புதிதாகச் சேர்த்துக்கொள்வார்கள். அந்த ஒரு நாளும் அவள் வந்து பிரீசரைப் பார்த்துவிட்டுப் போவாள். மின்சாரம் போனால் பிரீசர் நிற்கக்கூடாது என்று அலையாய் அலைந்து ஓர் இன்வெர்ட்டர் வாங்கவைத்திருந்தாள். அந்தக் கட்டடத்தில் கரண்டு போனாலும் நிற்காத லைன் அது ஒன்றுதான்.

சித்திக்காவின் தெருவில் கல்யாணமானால் மாப்பிள்ளை பெண் வீட்டோடு வந்து இருப்பது வழக்கம். பெண்ணே போன பிறகு அங்கே இருப்பது முறையா என்று சஃபியுல்லாவுக்குத் தெரியவில்லை. யாரைக் கேட்பது என்றும் தெரியவில்லை. மாமியார் ஷரீபுன்னிசா ராத்திரி இரண்டு தட்டை எடுத்துவைத்து, "உக்காருங்க மாப்புள" என்றாள். விஷயம் அதோடு முடிந்தது. அவன் பகலில் தன் மூக்குக்கண்ணாடிக் கடையில் உட்கார்ந்தான். வந்தவர்களுக்கு எழுத்துப் பலகையைக் காட்டி, "இது தெரியுதா, இப்ப தெரியுதா" என்று கேட்டான்.

நிலையத்திலிருந்து சந்திரலேகா போன் செய்தாள். அவள் ஆய்வக உதவியாளர், சித்திக்காவோடு வயலுக்கெல்லாம் போனவள்.

"அண்ணே, நீங்க குடுத்த பொட்டியில உள்ளதையும் பிரீசர்ல வச்சுட்டேன். ஆனா யாரும் இத எங்கயும் அனுப்புற மாதிரி தெரியல. நான் சொன்னா எடுபடாது. நீங்க வந்து டைரக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. அக்கா இருந்தா கேட்டுக்கிட்டே இருக்கும்."

அவன் போனான். இயக்குநர் டாக்டர் சிவசுப்பிரமணியன் எழுந்து நின்று அவன் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார். சித்திக்கா உயிரோடு இருந்தவரை அவளுக்காக அவர் எழுந்து நின்றதாகத் தகவல் இல்லை.

"மிஸ்டர் சஃபியுல்லா, நானே உங்களைத் தேடி வரணும்னு இருந்தேன். புதுச்சேரியிலேருந்து சர்க்குலர் வந்துருக்கு. உயிரியல், மருத்துவத் துறையில சாதிச்ச பெண் விஞ்ஞானிகளை இளைய தலைமுறைக்கு முன்மாதிரியாக் கொண்டாடணுமாம். பிப்ரவரியில கொண்டாட வேண்டியது, ஃபைல் இப்ப ஐப்பசியிலதான் வந்துது. அதுவும் நல்லதாப் போச்சு. பிப்ரவரியில நம்மகிட்ட கொண்டாடறதுக்குத் தோதா யாரும் இல்ல."

"பிப்ரவரியில அவ இருந்தாளே சார்."

"இருந்தாங்க. அதான் சொல்றேன்."

சஃபியுல்லா குப்பிகளைப் பற்றிச் சொன்னான். இயக்குநர் கண்ணை மூடித் தலையாட்டிக் கேட்டார். "பாருங்க, இந்தத் துக்கத்துலயும் உங்களுக்கு அறிவியல் சிந்தனை. இதையும் விழா மலர்ல போட்டுடுவோம்" என்றார்.

"மலர்ல வேணாம் சார். வண்டி ஒண்ணு வேணும்."

இயக்குநர் யோசித்தார். பிறகு, விழா மேடையில் சித்திக்காவின் கணவர் உட்கார்ந்தால் அன்றைக்கே சிறப்பு விருந்தினர் கையால் குளிர்வண்டியைக் கொடியசைத்துச் சென்னைக்கு அனுப்பிவிடலாம் என்றார். உட்காருவதில் என்ன இருக்கிறது என்று சஃபியுல்லா ஒப்புக்கொண்டான்.

விழாவுக்குக் குழு அமைத்தார்கள். உறுப்பினர்கள் ஏழு பேர். பெண்களின் சாதனையைப் பற்றிப் பேசும்போது பெண்கள் இருந்தால் கூச்சப்படுவார்கள் என்பதால் ஏழும் ஆண்கள். முதல் கூட்டத்திலேயே ஒரு சிக்கல் வந்தது. நிலையத்தின் விதிப்படி தற்காலிக ஊழியர் விருது பெற முடியாது. அப்படியிருக்க முன்மாதிரியாக மட்டும் எப்படி இருக்கலாம் என்று கணக்கு அதிகாரி கேட்டார். ஒருவேளை பிறகு தணிக்கையில் வந்தால்? நீண்ட விவாதத்துக்குப் பின், சித்திக்காவை விழா நாளன்று மட்டும், காலை பத்து மணியிலிருந்து மாலை ஐந்து வரை, நிரந்தர விஞ்ஞானியாக நியமிப்பது என்று முடிவாயிற்று. ஊதியம் கிடையாது, ஏனென்றால் வருகைப் பதிவில் அவர் கையெழுத்து இருக்காது.

அடுத்தது படம். சித்திக்கா படம் எடுத்துக்கொள்கிற ஆள் இல்லை. அடையாள அட்டையில் இருந்தது ஒன்றுதான், அதிலும் முகக்கவசம் போட்டிருந்தாள். பேனர் கடைக்காரர் கணினியில் தேடி, நுண்ணோக்கியில் குனிந்திருக்கும் ஏதோ ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை எடுத்து, தலையில் முக்காடு வரைந்து, நிறத்தைக் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தார். இருபதடி உயரத்துக்கு வாசலில் நிறுத்தினார்கள். 'எங்கள் சித்திக்கா' என்று கீழே எழுதியிருந்தது.

சஃபியுல்லா அதன் கீழே நின்று அண்ணாந்து பார்த்தான்.

"இது அவ இல்ல சார்."

"தெரியும்" என்றார் இயக்குநர். "ஆனா பாக்கறவங்களுக்குத் தெரியாதுல்ல. முன்மாதிரின்னா யாரா வேணா இருக்கலாம்ங்கற நம்பிக்கையை அது குடுக்கும்."

அந்தப் படத்துக்கு மாலை போட வேண்டும், சந்தனம் வைக்க வேண்டும், முன்னால் குத்துவிளக்கு ஏற்ற வேண்டும் என்பது நிகழ்ச்சி நிரல். அழைப்பிதழ் கொடுக்க வந்த குழு உறுப்பினர்கள் இருவரிடம் ஷரீபுன்னிசா மாமி கதவுக்குப் பின்னால் நின்று பேசினாள்.

"எங்கள்ல மவுத்தானவங்க போட்டோவுக்கு மாலை போட மாட்டோங்க. அது அவ போட்டோ இல்லேன்னாலும் போடக்கூடாது."

குழு மறுபடி கூடியது. மத உணர்வு புண்படக்கூடாது, நிரலும் மாறக்கூடாது, மாலைக்கு முன்பணமும் கொடுத்தாகிவிட்டது. கடைசியில் ஒரு வழி கிடைத்தது. மாலையை நுண்ணோக்கிக்குப் போட்டுவிடலாம். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு அதில் அழியாமல் இருந்ததால் அந்தச் செலவும் மிச்சம்.

விழாவன்று விடியும்போதே மழை. மாவட்டத்துப் பள்ளிகளுக்கெல்லாம் விடுமுறை விட்டுவிட்டார்கள். அரங்கத்தை நிறைக்க வேண்டிய மாணவிகள் வீட்டில் இருந்தார்கள். ஆயிரத்துக்குக் குறையாமல் நாற்காலி போட்டாகிவிட்டது. இயக்குநர் தொலைபேசியில் யாரிடமோ பேச, கொம்யூன் பஞ்சாயத்து டிராக்டர்கள் இரண்டு கிளம்பிப்போய், மழையால் நடவு தள்ளிப்போயிருந்த வரிச்சிக்குடிப் பெண்களை ஏற்றிவந்து இறக்கின. சேற்றுக்கால்களோடு அவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். யாருக்காக, எதற்காக என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை. டிராக்டர் வந்தால் ஏறுவது பழக்கம்.

மேடையில் சஃபியுல்லாவுக்கு இயக்குநருக்கும் சிறப்பு விருந்தினருக்கும் நடுவில் நாற்காலி. சிறப்பு விருந்தினர் பெரிய பதவிகளிலிருந்து ஓய்வு பெற்றவர், ஓய்வுக்குப் பிறகு விழாக்களில் பணியாற்றுகிறவர். அவர் நுண்ணோக்கிக்கு மாலை அணிவித்து, அதைப் பார்த்துக் கை கூப்பினார். பிறகு உறுதிமொழி. பள்ளி மாணவிகளுக்காக எழுதப்பட்டு அச்சான உறுதிமொழியை மாற்ற நேரமில்லை. குழு உறுப்பினர் ஒருவர் சொல்லச் சொல்ல, பேரப்பிள்ளை எடுத்த பெண்கள் எல்லோரும் எழுந்து நின்று கையை நீட்டி, "நான் பெரியவளானதும் உயிரியல் விஞ்ஞானி ஆவேன். இதற்காக என் பெற்றோர் சொல் கேட்டு, வீட்டுப்பாடம் தவறாமல் செய்வேன்" என்று முழங்கினார்கள்.

"வூட்டுப்பாடம்னா என்னாடி?" என்று ஒருத்தி கேட்பது ஒலிபெருக்கியில் விழுந்தது.

"பாத்தரம் கழுவுறது" என்றாள் பக்கத்தில் நின்றவள்.

இயக்குநர் வரவேற்புரை ஆற்றினார். இரண்டு முறை மின்சாரம் போனது. வெளியே காரைக்கால் முழுக்க இருண்டது. மேடை விளக்கும் ஒலிபெருக்கியும் மட்டும் ஒரு கண் சிமிட்டல்கூட இல்லாமல் நின்றன. அவருக்கே பெருமை தாங்கவில்லை.

"பாருங்கள், இந்த விழா ஒரு நொடி கூட நிற்காது. அதற்குரிய ஏற்பாடு செய்திருக்கிறோம். சித்திக்கா அவர்களைப் பற்றி என்ன சொல்வேன்? அறை கொடுங்கள் என்று கேட்டார். கொடுக்கவில்லை. கோபித்துக்கொண்டாரா? இல்லை. வேலையை நிரந்தரம் ஆக்குங்கள் என்று கேட்டார். ஆக்கவில்லை. நின்றுவிட்டாரா? இல்லை. நாம் எதுவுமே செய்யாமல் ஒருவர் இவ்வளவு செய்ய முடியும் என்று காட்டிய அந்தப் பெண்மணியைத்தான் முன்மாதிரி என்கிறோம். நம் நிலையம் இதே ஆதரவை எதிர்காலப் பெண் விஞ்ஞானிகளுக்கும் தொடர்ந்து வழங்கும்."

கைதட்டினார்கள். அந்த நேரத்தில் சிப்பந்தி தாரிக் ஒரு தட்டில் இளநீர் கொண்டுவந்தான். சிறப்பு விருந்தினர் ஒரு வாய் உறிஞ்சிவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"கொஞ்சம் ஜில்லுனு இருந்துருக்கலாம்."

இயக்குநர் நாற்காலிக்குத் திரும்பி, சஃபியுல்லாவின் முதுகுக்குப் பின்னால் சாய்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு தாரிக்கைக் கேட்டார். "பிரீசர்லதானடா வைக்கச் சொன்னேன்?"

"பிரீசர்லதான் சார் நேத்துலேருந்து இருக்கு. ஆனா பிரீசர் ஓடல."

"ஏன் ஓடல?"

"அந்த லைனைத்தான சார் விழாவுக்கு எடுத்துருக்கு. கரண்டு போனாலும் நிக்காத லைன் அது ஒண்ணுதான்னு நீங்கதான சொன்னீங்க. நேத்துக் காலையிலேயே பிடுங்கிட்டாங்க. கட்-அவுட்டுக்கு சீரியல் பல்பு, மைக்கு, எல்லாம் அதுலதான் எரியுது."

இயக்குநருக்கு மனம் லேசாயிற்று. "அதானே பாத்தேன்" என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

சஃபியுல்லா எழுந்தான். எழுந்தவனைப் பார்த்ததும், இதற்காகவே காத்திருந்த இரண்டு பேர் பொன்னாடையோடு வந்து தோளில் போர்த்தினார்கள். புகைப்படக்காரர், "சார், இப்படிப் பாருங்க, கொஞ்சம் சோகமா" என்றார். படம் சரியாக வராததால் பொன்னாடையை உருவிவிட்டு மறுபடி போர்த்தினார்கள்.

"சார், பிரீசரை நிறுத்திட்டாங்க சார். எல்லாம் கரைஞ்சிடும்" என்றான் சஃபியுல்லா இயக்குநரிடம்.

"உங்க உணர்ச்சி புரியுது. கடைசியில உங்களுக்கும் ரெண்டு நிமிஷம் ஒதுக்கிருக்கு."

சிறப்பு விருந்தினர் பேசத் தொடங்கினார். சஃபியுல்லா மறுபடி எழ, மேடைப் பின்வரிசையில் இருந்த நெறிமுறை அதிகாரி அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். "ஐயா பேசுறப்ப யாரும் எந்திரிக்கக்கூடாது பாய். என் வேலை போயிடும்."

"என் மகளும் மருத்துவம் படித்தவள்" என்று சிறப்பு விருந்தினர் சொல்லிக்கொண்டிருந்தார். "தங்கப் பதக்கம். நல்ல குடும்பத்தில் கொடுத்தேன். அந்தப் பதக்கத்தை ஷோகேஸில் வைத்திருக்கிறார்கள், எவ்வளவு பெரிய மனசு பாருங்கள். இன்று வீட்டில் யாருக்குத் தலைவலி என்றாலும் அவள்தான் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாள். பெண்கள் எவ்வளவு உயரத்துக்கும் போகலாம், நேரத்துக்குத் திரும்பி வந்துவிட்டால் போதும்."

சஃபியுல்லாவுக்கு மேடையிலிருந்து பார்த்தால் ஜன்னல் வழியே நடைவழி தெரிந்தது. சித்திக்காவின் மேசை இருந்த இடத்திலிருந்து ஒரு தடித்த கறுப்பு வயர் கிளம்பி, ஜன்னல் கம்பிக்குள் நுழைந்து, மழைக்கு நனையாமலிருக்கப் பாலிதீன் சுற்றப்பட்டு, வாசலில் நின்ற அந்த வெள்ளைக்காரப் பெண்ணின் முக்காட்டைச் சுற்றி மின்னிக்கொண்டிருந்தது. பிடுங்க வேண்டியது ஒரு பிளக்குதான். செருக வேண்டியதும் அதுதான். அவன் நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

பேச்சு முடிந்ததும் அவன் யாரையும் பார்க்காமல் மேடைப் படியில் இறங்கினான். இரண்டாவது படியில் கால் வைத்தபோது நாட்டுப்பண் தொடங்கியது. சிறப்பு விருந்தினருக்கு இன்னொரு விழாவுக்கு நேரமாகிவிட்டதால் நிரலைச் சுருக்கியிருந்தார்கள். அரங்கம் எழுந்து நின்றது. சஃபியுல்லாவும் ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே என்று அசையாமல் நின்றான். ஒலிநாடா ஓரிடத்தில் சிக்கிக்கொண்டதால் முதலிலிருந்து மறுபடி போட்டார்கள்.

நடைவழியில் சந்திரலேகா பிரீசரைத் திறந்துவைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். அவளை இரண்டு நாளாக வாசலில் தோரணம் கட்டவும் பன்னீர் தெளிக்கவும் நிறுத்தியிருந்தார்கள். உள்ளே இளநீர்க் காய்கள் மிதந்தன. அவற்றுக்கு இடம் செய்வதற்காகக் குப்பித் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்திருந்தார்கள். ஒரு குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். பீட்ரூட் வேகவைத்த தண்ணீர்போல இருந்தது.

"திரும்ப உறைய வச்சா?" என்றான் சஃபியுல்லா.

"உறையும்ணே" என்றாள் சந்திரலேகா. "அவ்வளவுதான்."

வாசலில் குளிர்வண்டி வந்து நின்றது. இத்தனை வருஷம் வராத வண்டி, சொன்ன நேரத்துக்கு வந்திருந்தது. இயக்குநர் ஓடிவந்தார். விஷயத்தைக் கேட்டு உண்மையிலேயே வருந்தினார். "ஐயோ, பாவம்" என்றார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஆனா கொடியசைக்கிறது நிரல்ல இருக்கு. ஏதாவது ஏத்துங்க, படத்துல வண்டி காலியாத் தெரியக்கூடாது."

மிச்சமிருந்த சிற்றுண்டிப் பொட்டலங்களை அட்டைப்பெட்டியில் போட்டு ஏற்றினார்கள். சிறப்பு விருந்தினர் பச்சைக் கொடி அசைத்தார். வண்டி கிளம்பியது. சென்னையில் அதை எதிர்பார்த்து யாரும் இல்லை என்பது ஓட்டுநருக்குப் பூவம் தாண்டும்போது போனில் தெரிவிக்கப்பட்டது. பொட்டலங்கள் கெடாமல் திரும்பி வந்தன. அந்தக் குளிர்ச்சி அப்படி.

சஃபியுல்லா பொன்னாடையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே வந்தான். டிராக்டருக்குக் காத்திருந்த பெண்களில் ஒருத்தி முன்னால் வந்தாள். உமாமகேஸ்வரி என்று பெயர் சொன்னாள்.

"டாக்டரம்மா வூட்டுக்காரருதான நீங்க? மேடையில பாத்தேன். அந்தம்மா இருந்தப்ப எங்க ரத்தத்துல என்ன இருக்குன்னு வந்து சொல்றேன்னு சொல்லிச்சு. போன மழைக்கு எங்க வூட்டுக்காரரு காச்சல்ல போய்ட்டாரு. என்ன காச்சல்னே தெரியல. எனக்கும் எடுத்துட்டுப் போச்சு. எதாச்சும் தெரிஞ்சுச்சா?"

"இல்லம்மா. கெட்டுப்போச்சு."

"எது, ரத்தமா?"

"ஆமா."

"ஒடம்புல இருக்குற வரைக்கும் கெடலையே" என்றாள் பின்னால் நின்ற இன்னொருத்தி. "வெளிய எடுத்துக் குடுத்தாதான் கெடும்போல இருக்கு." பெண்கள் சிரித்தார்கள். உமாமகேஸ்வரியும் சிரித்தாள்.

"சரி, அதனால என்ன. யாரையாச்சும் மறுபடி எடுத்துக்கச் சொல்லுங்க" என்று சேலைத் தலைப்பை ஒதுக்கிக் கையை நீட்டினாள். "வர்ற வாரம் நடவு. அதுக்கு முன்னாடி வரச் சொல்லுங்க. எறங்கிட்டா நேரம் இருக்காது."

நீட்டிய கையை அவன் பார்த்தான். நரம்பு பச்சையாகத் தெளிவாகத் தெரிந்தது. யாரிடம் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"சொல்றேம்மா" என்றான்.

அடுத்த வாரம் மழை விட்டதும் வரிச்சிக்குடியில் நடவு தொடங்கியது. தீபாவளி கழிந்து காய்ச்சலும் வந்தது. ஆஸ்பத்திரியில் காய்ச்சல் என்று போய் நின்றால், எந்தக் காய்ச்சலானாலும், ஒரே வெள்ளை மாத்திரையைத்தான் கொடுக்கிறார்கள். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு.